கை பொறுக்கும் சூடு

ரிப்பீட்டர் என்பது எளிய பெட்டி. தூரத்து ஜீப்பிலிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கி, அதையே உரக்கத் திருப்பிச் சொல்லும். எங்கள் அரசுத் துறையில் மேலதிகாரிகளும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் சூடேறினால் மாற்றுவதற்கு உதிரிபாகம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1993இல் நான் விழுப்புரம் பணிமனையில் வயர்லெஸ் பழுதுபார்ப்பவன். திண்டிவனம் அலுவலக மாடியில் இருந்த ரிப்பீட்டரின் ஆம்ப்ளிஃபயர், அதாவது குரலுக்கு வலுவேற்றும் பகுதி, சூடேறிச் செத்துவிட்டதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். சூட்டை வெளியேற்ற அதன் முதுகில் இருக்கும் அலுமினியப் பட்டைகளுக்கிடையே தூசி அப்பிக்கிடந்தது. துடைத்து, வெந்துபோன டிரான்சிஸ்டரைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவிப் புதியதை முடுக்கினேன். பிறகு அங்கிருந்த ஆபரேட்டருக்குத் தூசியின் தீமைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் மரக்காணம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அலைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். முழுவதையும் கேட்டுவிட்டு, "தூசிதான் எதிரிங்களா சார்? நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன்பிறகுதான் அது அடிக்கடி வெந்தது.

ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிவிட்டுப் புறப்படுவேன். போய்ப் பார்த்தால் பெட்டி பளபளவென்று இருக்கும். மின்னழுத்தம் சரி, கேபிள் சரி, ஆன்டெனா சரி. கையேட்டில் உள்ள காரணங்கள் தீர்ந்துபோயின. எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகு அரைமணி நேரம் ஓடவிட்டு, பட்டைகள்மேல் கை வைத்துப் பார்ப்பது நடைமுறை. கை பொறுத்தால் வேலை முடிந்தது. அந்த அரைமணியில் அவர் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காகிதத்தில் கொட்டி இருவருக்கும் நடுவில் வைப்பார். கடலைப் பற்றிப் பேசுவார். நான் நடைமுறைகளைப் பற்றிப் பேசுவேன். என்னிடம் வேறு சரக்கு இல்லை.

வாட்ச்மேன் டீ கொண்டுவருவார். "இன்னா சார், மறுபடியும் மெஷினுக்கு ஜுரமா? இல்ல, மெஷின் பேர்ல வேற யாருக்காச்சுமா?"

"டீய வச்சிட்டு ஜல்தியா கெளம்புண்ணே. நாடி புடிச்சிப் பாக்க வந்துட்டாரு" என்பார் ஆபரேட்டர். காது மட்டும் சிவந்திருக்கும்.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் கேட்க என்ன நடைமுறை என்பதும் தெரியும். அடுத்த பழுதில் பேசிவிடலாம் என்று ஒவ்வொரு பழுதிலும் நினைத்தேன்.

ஒருநாள் மயிலத்தில் வேறு வேலை. மதியமே முடிந்தது. விழுப்புரம் திரும்ப வேண்டியவன், எதிர்ப்பக்கம் வந்து நின்ற திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். போன் செய்யவில்லை. செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

மாடியேறினால், ரிப்பீட்டர் ஓர் உறைக்குள் இருந்தது. தடித்த நீலத் துணி. ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்து, நடுவில் சிவப்பு நூலில் ஒரு பூ. முதுகுப் பட்டைகள் வரை இழுத்துப் போர்த்தியிருந்தது. துணிக்கடியில் கையை விட்டேன். கொதித்தது.

"இது எப்பலேர்ந்து?"

"நீங்க மொத தபா வந்துட்டுப் போனீங்களே, அப்பலேர்ந்துதான் சார். தூசி ஆவாதுன்னீங்க. நானே தச்சேன்."

"நான் பார்த்ததே இல்லையே?"

"நீங்க வர்றேன்னு போன் பண்ணா கழட்டி, தொடச்சி வச்சிருவேன். டாக்டரு வர்ற நேரத்துல போத்திக்கினா இருப்பாங்க?"

சூடு வெளியேற வழியில்லாமல்தான் அது வெந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் சிறுத்துப்போனது. உறையை உருவி மடித்தார்.

"இத்தினி தபா எரிஞ்சதுக்கு நான்தான் காரணமா? பேஜாராப் போச்சே." மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இனிமே கெடாதுங்களா?"

"கெடாது."

"எப்பவுமேவா?"

"ஒழுங்கா மாட்டினது ஏன் கெடணும்?"

மடித்த துணியின் பூவை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "வேலை தெரிஞ்சவர கூப்ட்டா இதான் சார் தொல்ல" என்று சிரித்தார்.

பஸ்ஸில் வரிசைப்படுத்தியது அத்தனையும் அப்போது வாயில் இருந்தது. நான் பட்டைகள்மேல் கை வைத்துக் காத்திருந்தேன். சூடு இறங்கியதும், "இப்ப சரியா இருக்கு" என்றேன். கீழே இறங்கினேன்.

விழுப்புரம் பணிமனையில் காலை வயர்லெஸ் சோதனையின்போது அவர் குரல் வரும். இரைச்சலில்லாமல், நான் சரிசெய்த ஆம்ப்ளிஃபயர் வழியாக. இடி இடித்தால் எனக்கு ஆசை வரும். அக்னி நட்சத்திரத்தின்மேல் நம்பிக்கை வைத்தேன். பெட்டி அசைந்துகொடுக்கவில்லை. காரணமில்லாமல் பஸ் ஏறும் துணிவு எனக்கு ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

பிறகு ஒரு காலை வேறு குரல் வந்தது. அவருக்குக் கல்யாணமாகி, கடலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். மெஷினைப் பற்றி அவர் அதன்பின் என்னிடம் கேலி பேசவில்லை.

எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்தபின், நான் ஓய்வுபெறும் தறுவாயில், அந்த ரிப்பீட்டரைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நானே போனேன். இணைப்பைத் துண்டிக்குமுன் நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பட்டைகள்மேல் கை வைத்தேன். கை பொறுத்தது. சுவிட்சை அணைத்த பிறகும், அது முழுக்க ஆறும்வரை கையை எடுக்கவில்லை.