பவளத்தின் வேண்டுதல்

நடவுக்குக் குனிந்தால் வரப்பு வரும்வரை நிமிராதவள் பவளம். உத்திரமேரூர்ப் பக்கம் அவள் கைபடாத கழனி குறைவு. புருஷன் ராஜாராம் நெல்லுக்கட்டோடு களத்துக்கு ஓடியவன், கட்டோடு சாய்ந்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். நேர்ந்துகொண்ட தீமிதியில் இறங்காமல் விட்டான், அம்மன் விடுவாளா என்றது ஊர். பவளமும் நம்பினாள். மகன் வசந்த்குமார் தலையெடுத்ததும் குண்டம் இறங்குவான் என்று வேண்டிக்கொண்டாள்.

இந்த வருசம் அவன் கையில் காப்புக் கட்டி, பட்டினி விரதத்தில் கன்னம் ஒட்டிக் கிடந்தான். தீமிதியன்று காலையில் மெட்ராஸ் ஆராய்ச்சி வேன் வந்தது. அப்படித் திடீரென்று சாவு விழுந்த குடும்பங்களைத் தேடி வருகிறவர்கள். அவனுக்கும் அவன் பெரியப்பா மாசிக்கும் ரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் ஜெனிஃபருக்கு முகம் மாறிவிட்டது.

"இதயத்துச் சதை தடிச்சிருக்கும்மா. அப்பாகிட்டேருந்து வந்தது. பட்டினியோட ஓடினா உயிருக்கே ஆபத்து."

"எங்க பெரியப்பாவுக்கும் அதே தடிப்புன்னு இப்பதானே சொன்னீங்க?" வசந்த்குமார் விடவில்லை. "மாசி பெரியப்பா வருசா வருசம் எறங்கிக்கினு கீறாரு. எனக்கு மட்டும் இன்னா?"

"அதைத்தான் தேடுறோம். ஜீன் அனுப்புற சேதியை வழியில அடக்கிவைக்க, மைக்ரோ ஆர்என்ஏன்னு பொடிப்பொடியா உடம்புல இருக்கு, ஏரித்தண்ணிக்கு மடை மாதிரி. ஒருத்தருக்குச் சரியா அடைச்சு, இன்னொருத்தருக்குத் தப்பிடுதோன்னு சந்தேகம்."

"எனக்குச் சரியா அடைச்சிருந்தா?"

"தெரியாதுப்பா. இன்னும் யாருக்குமே தெரியாது."

அந்தத் 'தெரியாது' பவளத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இறங்கினால் டாக்டரம்மா சொன்னது. இறங்காவிட்டால் அப்பனுக்கு நடந்தது.

பொழுது சாயப் பம்பை முழங்கியது. மஞ்சள் வேட்டியில் வரிசை நின்றது. மாசி முதலில் ஓடினார். கரை ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். யாரும் கவனிக்கவில்லை. பவளம் பார்த்தாள். இவருக்கே இப்படியா?

அடுத்தவன் வசந்த்குமார். பவளம் குறுக்கே புகுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம்மா, வுடு! மானம் போவுது!"

"போவட்டும்டா நைனா."

பூசாரி கோபால் பாய்ந்து வந்தார். "இன்னாம்மே, பைத்தியமா? காப்பு அறுந்தா ஊருக்கே ஆவாது!"

"மடை அடைச்சிக்கீதா தொறந்துக்கீதான்னு படிச்சவங்களுக்கே தெரியல. என் புள்ளைய நெருப்புல வுட்டுப் பாக்கவா சொல்ற? வேண்டிக்கினவ நான். அம்மன் கேக்கறத எங்கிட்ட கேக்கட்டும்."

காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். வசந்த்குமார் அம்மாவை உதறிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

மறுநாள் நெஞ்சைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். மாசம் முழுக்கவும் முறைச்சிக்கினு கெடக்கட்டும் என்று பவளம் அவனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள்.