ஜன்னலோரத்துச் சிவப்பு ஸ்கார்ஃப்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆறு மாதம் தினமும் விடிந்தும் விடியாமலும் என்னை எழுப்பித் தெருவில் ஓடவிட்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்குப் பழக்கியிருந்தாலாவது ஒரு சோப்பு டப்பா பரிசாகக் கிடைத்திருக்கும். நான் ஓடியதோ, என் சித்தியின் தலையில் கட்டிய துணி தெரிகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக.

அம்மாவின் தங்கையான இந்தச் சித்தி, புருஷனோடு ஒத்துப்போகாமல் மணிமங்கலத்திலிருந்து கிளம்பி, படப்பையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் பாப்பாவை மட்டும் அந்த வீட்டில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். "கொயந்த பக்கம் வந்தா, அரக்கோணத்துல எங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிடுவேன். அப்பால மூஞ்சியக்கூட பாக்க முடியாது" என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சித்தியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சித்தி போகவில்லை. கம்பெனி பஸ்தான் போனது.

ஒரகடத்தில் கிளம்பும் அந்த பஸ், எங்கள் தெருமுனையில் சித்தியை ஏற்றிக்கொண்டு, மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த செல்போன் கம்பெனிக்குப் போகும். சித்தி வந்த பிறகு சேர்த்த பள்ளிக்கூடத்தின் வேனுக்காகப் பாப்பா நிற்கும் இடமும் அதே ரோட்டில்தான். பஸ் அங்கே நிற்காது. இதோ என்பதற்குள் தாண்டிவிடும். அந்த ஒரு நொடிக்காகச் சித்தி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினமும் காலையில் போகிற ஜெனரல் ஷிப்ட் வாங்கியிருந்தாள்.

ஆனால் பஸ்ஸில் நாற்பது பெண்கள். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு. லாரிகள் கிளப்பும் தூசிக்காக எல்லாரும் துப்பட்டாவைக் கண் மட்டும் தெரியும்படி முகத்தில் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் பெற்ற தாயும் ஒன்றுதான், பின் சீட்டில் தூங்குகிறவளும் ஒன்றுதான். சரி, முகத்தைத் திறந்துவைக்கலாம் என்றால், பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தியின் மாமியார் நிற்பார். அவர் கண்ணில் பட்டால் விஷயம் சித்தப்பாவுக்குப் போகும், பாப்பா அரக்கோணத்துக்குப் போவாள். பிள்ளைக்குத் தெரிய வேண்டும், மாமியாருக்குத் தெரியக் கூடாது. எங்கள் வீட்டின் மொத்தக் கவலையும் இந்த ஒன்றில் வந்து நின்றது.

அதற்குச் சித்தி கண்டுபிடித்த வழிதான் ஸ்கார்ஃப். டிவியில் வரும் பழைய பாட்டுகள் என்றால் சித்திக்கும் பாப்பாவுக்கும் உயிர். அதில் தலையில் ஸ்கார்ஃப் கட்டி, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டு, திறந்த காரில் போகும் கதாநாயகிகள் எல்லாருக்கும் பாப்பா வைத்த பெயர் 'பாட்டு அக்கா'. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வளையல் கடை ஓரமாகப் பாப்பா ஒரு நிமிஷம் தனியாகக் கிடைத்தபோது, சித்தி அவள் காதில் சொல்லிவிட்டாள்: "அம்மா பாட்டு அக்கா மாதிரி பஸ்ல வருவேன். பாத்துக்கோ. யார்கிட்டயும் சொல்லாத."

பாட்டு அக்கா ஒரே மாதிரி கட்டித் தொலைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர்களோ பாட்டுக்கு ஒரு விதமாகக் கட்டினார்கள். ஒருத்தி தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். ஒருத்தி பின்கழுத்தில் போட்டாள். இன்னொருத்தி நெற்றிக்கு மேலே பட்டையாகக் கட்டி, பின்னால் கொண்டையை இட்லிப் பானை அளவுக்குத் தூக்கிவிட்டாள். சிவப்பில் வெள்ளைப் பொட்டுப் போட்ட ஒரே ஒரு ஸ்கார்ஃபை வைத்துக்கொண்டு சித்தி அத்தனையையும் கட்டிப் பார்த்தாள். எது பஸ் ஜன்னலில் எடுப்பாகத் தெரியும், எது முகத்தை மறைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

கண்டுபிடிக்க வேண்டியவள் நான். சித்தி எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கண்ணாடியும் ஸ்கார்ஃபுமாக உட்காருவாள். நான் தெருவில் நின்று பார்க்க வேண்டும். முதல் நாள் நின்று பார்த்தேன். "பஸ் நிக்குமாடி? ஓடிகினே பாரு" என்றாள். ஆக, பஸ் ஓடுவதற்குப் பதில் நான் ஓடினேன். தெருக் கோடி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடி. நாய்கள் கூடவே வந்தன. ஒரு முறை நேராகச் சாக்கடையில் இறங்கினேன். இஸ்திரி போடுகிறவர், "இன்னாம்மா, டெய்லி ஓடிகினே கீற, ஓட்டப் பந்தயமா?" என்றார். என்னவென்று சொல்வது?

"கம்பெனிக்குப் போறியா, ஷூட்டிங்குக்குப் போறியா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். கத்திய வாயாலேயே, "நெத்தி முடியை உள்ள தள்ளு, அந்தம்மா கண்டுபுடிச்சுரும்" என்றும் சொல்வாள். எனக்குத் தலை பின்ன மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில், தாமதமாக வந்தவர்கள் வரிசையில் ஒற்றைப் பின்னலோடு நின்றேன்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. ஓடினேன், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "சூப்பரா தெரியுது, பத்துக்குப் பத்து" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். அன்று அவள் கட்டியது பின்கழுத்து முடிச்சு. அது சீட்டின் முதுகில் மறைந்துவிட்டது போலிருக்கிறது. சாயந்திரம் வந்து பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு ஜன்னலா தேடுச்சுக்கா. கடைசி வரைக்கும் தேடுச்சு. உதடு பிதுங்கிருச்சு" என்றாள் அம்மாவிடம். நான் வீட்டுப்பாட நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். காலையில் திரும்பிப் பார்க்காததை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டு ஜன்னலை நம்பிப் பயனில்லை, ரோட்டிலேயே ஆள் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. ஆளும் நான்தான். பெரிய வகுப்புகளுக்குப் பரீட்சை என்று எங்களுக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில், அப்பா என்னை வண்டியில் மணிமங்கலத்துக்குக் கூட்டிப்போனார். அவரைப் பார்த்தால் மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்தால் பாப்பா கத்திவிடுவாள் என்று தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி அனுப்பினார். பூட்டிய ஜெராக்ஸ் கடையின் பலகைக்குப் பின்னால், ஹெல்மெட்டோடு, வேர்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் எந்தப் பிள்ளைக்காவது லீவு நாளில் இந்தக் கதி வந்திருக்குமா?

மணி ஏழேகால் ஆகவில்லை. எதிரே மாமியாரும் பாப்பாவும் வந்து நின்றார்கள். வேறு ஒரு பிள்ளையும் இல்லை. பாப்பாவின் தோளில் பை இல்லை, கழுத்தில் தண்ணீர் பாட்டிலும் இல்லை. யூனிஃபார்ம்கூடப் போடாமல் இருந்தாள். பஸ் தூரத்தில் திரும்பியதும், மாமியார் பாப்பாவைத் தூக்கி ஓரத்துச் சின்னப் பாலத்தின் கட்டைமேல் நிறுத்தினார். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, தன் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த கல்யாண மண்டப விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலில் தாடை முடிச்சும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சித்தி. "பாட்டு அக்கா!" என்று பாப்பா இரண்டு கைகளையும் ஆட்டினாள். பஸ் போயிற்று. அதன் சத்தம் அடங்கும்வரை மாமியார் விளம்பரத்தையே பார்த்தார். பிறகு பாப்பாவை இறக்கி, மூக்கைத் துடைத்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். வேன் வந்தபோது எட்டேகால். அதற்குள் அப்பா இரண்டு டீ குடித்திருந்தார்.

சாயந்திரம் எனக்கு ஒரே குஷி. இப்படி ஒரு மந்தமான மாமியாரை ஏமாற்றவா ஆறு மாதம் ஓடினோம்! "சித்தி, அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல. வேன் எட்டேகாலுக்கு. அது ஏழு மணிக்கே வந்து நிக்குது. சரியா பஸ் வரப்போ அந்தப் பக்கம் திரும்பி போஸ்டர் படிக்குது. அப்புறம் வீட்டுக்குப் போயிடுது. சரியான லூசு" என்றேன்.

சித்தி பையை இறக்கிவைத்தாள். "பாப்பா அதுவா ஏறல? அவங்களா தூக்கி நிறுத்துனாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா, பாலத்து மேல. அதனாலதான் நீ நல்லா தெரிஞ்ச."

"பஸ் வரதுக்கு முன்னாடியா, வந்தப்பவா?"

"முன்னாடியேதான். எத்தனை வாட்டி கேப்ப?"

சித்தி அழ ஆரம்பித்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். தெரியவில்லை என்றாலும் அழுகை, தெரிகிறது என்றாலும் அழுகை. ஹெல்மெட்டுக்குள் வெந்து, நல்ல சேதி கொண்டுவந்த எனக்கு ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை.

மறுநாள் யாரும் என்னை எழுப்பவில்லை. நானாக எழுந்து வெளியே வந்தபோது தெருமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. சித்தி ஏறிக்கொண்டிருந்தாள். ஸ்கார்ஃபை நெற்றிக்கு மேலே பட்டையாகக் கட்டியிருந்தாள். முகம் முழுசாகத் திறந்திருந்தது, பொட்டுகூட வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி டிவி மேல் கிடக்கிறது. எனக்குத் திக்கென்றது. அதைத் தூக்கிக்கொண்டு, "சித்தி, கண்ணாடி! மூஞ்சி தெரியுது!" என்று கத்தியபடி பஸ்ஸின் பின்னாலேயே ஓடினேன். சித்தி ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள். பஸ் போய்விட்டது.

மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடிவந்து, சித்திக்குப் புத்தி கெட்டுவிட்டது, பாப்பா அரக்கோணம் போகப்போகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியட்டும் வுடு. நீ வந்து உக்காரு, தலை பின்னிவுடறேன்" என்றாள் அம்மா.

அன்று ரொம்ப நாள் கழித்து எனக்கு இரட்டைப் பின்னல் கிடைத்தது. தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சமாவது அக்கறை இருப்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.