முன்னறையில் பதின்மூன்று டிகிரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருந்தபோது, ஒரு சோடி சோளப்பாம்புகளின் பெயரால் நான் அடித்த கூத்தை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. விஷமில்லாத, செம்மஞ்சள் நிற அமெரிக்கப் பாம்புகள். குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டுகிறேன் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் அளந்திருந்தேன். இரண்டு வருடமாக ஒரு முட்டைகூட இல்லை.

காரணம் என் இரக்கம். நான் குளிரில் படும் பாடு அவற்றுக்கும் வேண்டாமென்று, மாரி முழுவதும் பெட்டிக்கடியில் மின்சாரச் சூட்டுப்பாய் போட்டு முப்பது டிகிரியில் வைத்திருந்தேன். பாம்பு வளர்ப்பவர்களின் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு மாதக் குளிர் கிடைத்தால்தான் இந்தப் பாம்புகள் வசந்தத்தில் இணை சேரும், பதின்மூன்று டிகிரி நல்லது என்றார்.

"இந்த முறையும் முட்டை இல்லையெண்டால் ரெண்டும் வெளியாலை போகும். சொல்லிப்போட்டன்," என்றாள் மனைவி.

வீட்டில் குளிரான இடம் முன்னறை. விருந்தினர் வந்தால் மட்டும் ஹீட்டர் போடுகிற அறை. பெட்டியை அங்கே சோபாவுக்குப் பின்னால் வைத்து, சுவரில் வெப்பமானியையும் ஓர் அட்டவணையையும் மாட்டினேன். மூன்றாம் நாள் மனைவியின் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து திடீரென்று வந்து சேர்ந்தார். அவருக்குக் கொடுக்க இருந்ததும் அந்த அறைதான்.

வேறு மனிதனென்றால் பெட்டியை நகர்த்தியிருப்பான். நான் ஹீட்டர் பிளக்கிலிருந்த பியூஸைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஹீட்டர் பழுது மச்சான். ஆள் வந்து பாக்கோணும்."

"அதுக்கென்ன, லண்டன் எண்டால் குளிர்தானே," என்றார்.

மனைவியும் நம்பிவிட்டாள். அவர் என் பழைய ஓவர்கோட்டுக்குள் சுருண்டு சோபாவில் படுத்தார். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், சும்மா இருக்க ஏலாதவர். அட்டவணையைத் தானே பொறுப்பெடுத்து, மூன்று வேளையும் மணிமணியான கையெழுத்தில் நிரப்பினார். ஒருநாள் பதினாறுக்கு ஏறிவிட்டதென்று எனக்கு உதவியாக யன்னலைத் திறந்துவைத்தார். நான் நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

மூன்று வாரம் போனது. என் ஜாக்கெட்டுக்குப் பொத்தான் தைக்க எடுத்த மனைவியின் கையில் பியூஸ் அகப்பட்டது. அதோடு முன்னறைக்கு வந்து, அட்டவணையை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"பாம்புக்கு எத்தினை டிகிரி வேணும்?"

"பதின்மூண்டு."

"அண்ணைக்கு?"

நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

"விடு பிள்ளை, எனக்குப் பழகீட்டுது," என்றார் மச்சான். அதற்குப் பதிலாக அவர் என் கன்னத்தில் இரண்டு போட்டிருக்கலாம்.

தீர்ப்பு அன்றே வந்தது. முன்னறைக்கு ஹீட்டர். பாம்புகளும் நானும் சாமான் போடுகிற சின்ன அறைக்கு. அங்கே ஹீட்டரே கிடையாது. மீதிக் குளிர்காலத்தைக் கையுறையும் கம்பளித் தொப்பியுமாக அங்கே படுத்துக் கழித்தேன். மச்சான் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியோடு வந்து, வெப்பமானியைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார். நான் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டுவதோடு சரி.

கோடையில் பெண்பாம்பு பன்னிரண்டு முட்டை இட்டது. பாம்புகள் வீட்டில் தங்கின. அந்தக் கிழவரிடம் காட்டிப் பெருமையடிக்க அட்டவணையைக் கழற்றினேன். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

நான் சின்ன அறைக்குப் போன நாளிலிருந்து, பாம்புகளின் கட்டத்துக்குப் பக்கத்தில் மனைவியின் அண்ணன் இன்னொரு கோடு இழுத்து, மேலே எனக்காக "மச்சான்" என்று எழுதியிருந்தார். கீழே நாள் தவறாமல் குறிப்புகள். "இருமல் இல்லை." "நித்திரை குறைவு. இன்னொரு போர்வை குடுத்தது." "கை விறைப்பு. தேத்தண்ணி ரெண்டு."

அதற்கு முந்திய மூன்று வாரம் அவர் குளிரில் கிடந்தார். அந்த நாட்களுக்குப் பாம்புகளின் கட்டம் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கோடு போட்டவன் நான்.

அட்டவணையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை.