இரண்டு தரம் வாசித்த அறிவித்தல்

மன்னாரில் இருந்து வந்த மெற்றில்டா அக்கா, புலம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கான கிங்ஸ்பரி செய்மதி வானொலியில் இருபது வருடம் மரண அறிவித்தல் வாசித்தவர். எதையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் சனம் திடுக்கிட, இரண்டாந்தரம் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொள்ள. நான் ஒலிப்பதிவுக்காரன், வாய் திறக்காமல் காலம் தள்ளியவன்.

முன்பு இதே நகரத்தின் மறுபக்கம் எட்மண்டனில் எங்களுக்குப் போட்டியாக ஒரு வானொலி இருந்தது. குடும்பத்துக்குள் சண்டை என்றால் ஆளுக்கொரு வானொலியில் அறிவித்தல் கொடுப்பார்கள். இங்கே தங்கச்சி பெயர் இருக்காது, அங்கே அண்ணன் பெயர் இருக்காது. சனம் கைபேசியில் பாட்டுக் கேட்கத் தொடங்க, இரண்டுக்கும் மூச்சு முட்டியது. போன வருடம் ஒன்றாக்கினார்கள். அதோடு அந்த வசதியும் போயிற்று.

யோகமலர் என்ற அம்மா செத்தபோது மகன் சிவதர்ஷன் ஒரு தாளும், மகள் பிரியந்தி ஒரு தாளும் அனுப்பினார்கள். அண்ணன் காட்டியவனைக் கட்டாததால் தங்கச்சியை வீட்டு வாசலுக்கே விடுவதில்லை. அக்கா இரண்டையும் சேர்த்து ஒன்றாக எழுதினார். மத்தியானமே சிவதர்ஷன் வந்து, அவள் பெயர் வந்தால் பல்லை உடைப்பேன் என்றான். பின்னேரம் அறிவித்தல் நேரத்துக்கு அவன் திரும்பி வந்தபோது வாசல் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“சிவதர்ஷன், பிரியந்தி ஆகியோரின் பாசமிகு தாயாரும்” என்று அக்கா வாசித்ததுதான் தாமதம், அவன் கலையகத்தின் கண்ணாடிக் கதவை உதைத்து நொறுக்கினான். மைக்கின் இரும்புத் தண்டைப் பிடுங்கி அவர் வாயில் அடித்தான். கதிரையோடு விழுந்தவரின் விலாவில் மிதித்தான். தாளெல்லாம் இரத்தம். தொலைபேசியில் இயக்குநர், உடனே பாட்டைப் போடச் சொல்லிக் கத்தினார்.

அக்கா நிலத்தில் கிடந்த மைக்கைத் தேடி எடுத்தார்.

“தம்பி, மைக்கை மூடாதை. இன்னும் ஒருக்கா வாசிக்க வேணும்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அவன் கழுத்தில் பாய்ந்தேன். என் கையைச் சதை கிழியக் கடித்தான், நான் விடவில்லை. அவன் தலையை நிலத்தோடு இரண்டு தரம் மோதினேன். பிழைதான், ஆனால் வெட்கப்படவில்லை. அக்கா முழுவதையும் வாசித்து முடித்தார்.

இறுதிச் சடங்கன்று சிவதர்ஷன் பொலிஸ் காவலில் இருந்தான். பிரியந்தி மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றாள். வாயில் தையலோடு வந்த அக்காவைக் கண்டதும் அழுதாள்.

“எத்தினை பல் அக்கா போனது?”

அக்கா மூன்று விரலைக் காட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினார்.