சிசிலி அக்காவின் முன்காம்பரா

தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தால் சிசிலி அக்கா இதைவிட நன்றாகச் சம்பாதித்திருப்பார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய மகன் மிலான் இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். வரிசை வீடுகளான இந்த லயத்திலிருந்து கெம்பஸ் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படத்தை மாட்ட ஆணி அடித்தபோது மறுபக்கம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"அடி தம்பி, நல்லா அடி! எங்க சுண்ணாம்புக்கும் கொஞ்சம் பெரும வரட்டும்" என்று அக்கா அங்கிருந்து கத்தினார்.

அக்காவின் அப்பா வியாகுலம் பழைய கங்காணி. பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்தது. பிறகு மறதியும் சேர்ந்தது. அக்கா கொழுந்து எடுக்கப் போயிருந்த ஒரு பகலில் அடுப்பை மூட்டி விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டார். புகையைப் பார்த்து நாங்கள் ஓடிப்போய் அணைத்தோம். அதன் பிறகுதான் ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். மாதா மாதம் கட்டணம். மிலான் அனுப்புவதையும் அக்காவின் சம்பளத்தையும் சேர்த்தாலும் இழுபறிதான்.

ஒரு முறை மிலான் வந்திருந்தபோது என்னையும் பேச்சுக்குள் இழுத்தான்.

"கெம்பஸ் அண்ணே, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க. கொழும்புல நல்ல வீடு ஒன்னு, சமையல் வேல, பாத்து வச்சிருக்கேன்."

"அவன் என்னடா சொல்றது? என் பேர வெட்டிட்டா தொர காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாரு" என்றார் அக்கா.

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வீட்டுக்கு ஒருவராவது நின்று பேர் போட வேண்டும். வேலைக்குப் பேர் இருக்கும் வரைதான் லயத்துக் காம்பராவில் குடியிருக்கலாம்.

"இது என்ன நம்ம சொத்தாம்மா?"

"சொத்து இல்லதான். கிறிஸ்மசுக்கு வீட்டுக்குப் போகணும்னு ஒங்க தாத்தா கேட்டா எங்கடா கூட்டிட்டுப் போவ? ஒன் போர்டிங்குக்கா?"

மிலான் தேநீரைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

கட்டணத்துக்கு அக்கா வேறு வழி பார்த்தார். நல்லதண்ணியில், மலை யாத்திரை நடக்கும் டிசம்பர் முதல் மே வரை சீசன் கடை போடுகிற ஃபாஸில், சீசன் முடிந்ததும் சாமான் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டின் முன்னறையான முன்காம்பராவைக் கொடுத்தார். அப்பாவின் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் பாயை அடுப்பு இருக்கும் குசினிக்குள் கொண்டுபோனார். பொம்மைகளும் தொப்பிகளும் போர்வைகளும் கூரைவரை ஏறின.

"வருசம் முழுக்க வாடக தாறேன் அக்கா. சீசன் தொடங்கினா ஒங்கட காம்பரா ஒங்களுக்குத்தான்" என்றார் ஃபாஸில்.

ஒரு ஞாயிறு நானும் அக்காவோடு ஹட்டனுக்குப் போனேன். அங்கிருந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"விடிய மணி அடிச்சதும் பெரட்டுன்னு நெனச்சு முத்தத்துல போய் நிக்கிறாரு. மத்தவங்களையும் வரிசையா நிப்பாட்டுறாரு. பூசைக்கு ஆள் சேக்குற வேல எங்களுக்கு மிச்சம்."

மகளைக் கண்டதும் கங்காணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேர் போட்டியா?"

"போட்டேன்ப்பா."

"அப்ப காம்பரா இருக்கு."

"இருக்குப்பா" என்றார் அக்கா. முன்காம்பராவைப் பற்றிச் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், "கிறிஸ்மசுக்குள்ள அந்தச் சாமான் எல்லாம் மலைக்குப் போயிருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பரில் லொறி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போனது. போர்வை மூட்டைகள் சில மட்டும் மிஞ்சின. அக்கா தரையைக் கழுவி, கட்டிலைக் காம்பராவின் நடுவில் போட்டு, மூட்டைகளைச் சேலையால் மூடினார்.

கிறிஸ்மசுக்கு முதல் நாள் நானும் அக்காவும் ஆட்டோவில் கூட்டி வந்த கங்காணி, கட்டிலில் உட்கார்ந்து காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்குத் தெளிவாக இருந்தார். சேலைக்குக் கீழே எட்டிப் பார்த்த மூட்டையைக் கைத்தடியால் தட்டினார்.

"இது யாருது?"

"நல்லதண்ணி ஃபாஸில் தம்பியோடது. வாடகைக்கு விட்டிருக்கேன்."

"எனக்குக் கட்டுறதுக்கா?"

"ஆமாப்பா."

"நீ எங்க படுக்குற?"

"குசினில. அடுப்புக்கிட்டக் குளிரே இல்லப்பா."

கங்காணி தடியை ஊன்றி எழுந்தார்.

"கூறு இருக்கா ஒனக்கு? கட்டில நடுவுல போட்டிருக்க. செவுத்தோரம் தள்ளு. சீசன் முடிஞ்சா அவன் சாமான் எங்க வைப்பான்?"

நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பெரட்டுக் குரலில் எங்களை வேலை வாங்கினார் கங்காணி.