கங்காருத் தீனி

நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இன்னும் என் சமையலறை அலுமாரியில் இருக்கிறது. மூடியின் ஒரு மூலை உடைந்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அம்மா அதில் கடைந்த கீரை நிரப்பி, என் மயெஸ்த்ராவுக்கென்று கொடுத்துவிட்டார். ஆரம்பப் பள்ளி ஆசிரியையை பலெர்மோவில் இத்தாலிய மொழியில் மயெஸ்த்ரா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

பள்ளி தொடங்கிய புதிது, வெயில் இன்னும் தணியவில்லை. வகுப்பில் கங்காரு பாடம். சுவரில் ஒரு படத்தை மாட்டி, கங்காரு புல் மேயும் என்று சொல்லித் தந்தாள் மயெஸ்த்ரா. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் பாண் துண்டை எடுத்தார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியில் சோறும் கீரையும். போர்கோ வெக்கியோச் சந்தையில் அம்மா வாங்கிய சுரைக்கொடித் தளிர் அது. இந்த ஊர்க்காரரும் அதைத் தெனெருமி என்று சொல்லிச் சூப்பில் போட்டுக் குடிக்கிறவர்கள்தான். தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்ததும் மயெஸ்த்ராவுக்கு அது வேறு ஏதோ ஆகிவிட்டது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாருங்கோ, எங்கட வகுப்பிலயும் ஒரு கங்காரு இருக்குது" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை எனக்கு அதுதான் பெயர்.

கால்சாப் பகுதியில் வீடுகள் துடைத்துவிட்டு வந்து காலை நீட்டி இருந்த அம்மாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த காலத்தில் ரீச்சர்மார் தங்கள் செல்லப் பிள்ளைகளைத்தான் பகிடி பண்ணுவார்களாம்.

"உன்னில விருப்பமில்லாட்டி ஏன் உன்னோட பகிடி விடப்போறா? அவவுக்கும் கீரையில ஆசைபோல. நான் செய்து தாறன், கொண்டுபோய்க் குடு" என்றார்.

வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு இலை ஆய்ந்து, கடைந்து, தேசிக்காய்ப்புளி விட்டு, அதற்கென்றே வாங்கிய புதுப் பெட்டியில் நிரப்பினார். எங்கள் வீட்டில் அப்போது கீறல் விழாத சாமான் அது ஒன்றுதான்.

மயெஸ்த்ரா மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் முன்னால் குப்பைத் தொட்டியில் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினாள். "இது கங்காருத் தீனி" என்று சொல்லி வெறும் பெட்டியை என் கையில் தந்தாள். அதைப் பள்ளிக் குழாயில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"சாப்பிட்டவவோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

சாகும்வரை அம்மா கோயிலடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், பிள்ளையின் ரீச்சருக்குத் தன் கீரை நல்ல விருப்பம் என்று. அதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கங்காருவைப் பற்றி அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தது கொஞ்சமல்ல. ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆத்திரம்தான். பெரிய சிவப்புக் கங்காருவும் சாம்பல் கங்காருவும் புல் மேய்கின்றன, சரி. வலபி என்ற சிறிய வகை புல்லோடு இலை, தளிர் எல்லாம் கடிக்கும். மரத்தில் ஏறி வாழும் கங்காருகூட இருக்கிறது, அதற்கு இலையும் பழமும். எனக்குப் பிடித்தது முயல் அளவே இருக்கும் எலிக்கங்காருதான். மண்ணைக் கிண்டி, நிலத்துக்கடியில் விளையும் காளானைத் தின்னும். இங்கே வசதியானவர்கள் பாஸ்தாவுக்கு மேல் சீவிப் போட்டுச் சாப்பிடுவதும் அந்த மாதிரிக் காளான்தான். இதையெல்லாம் மயெஸ்த்ராவின் முகத்துக்கு நேரே சொல்வதாகக் கண்ணாடி முன் நின்று எத்தனை தடவை பேசிப் பார்த்திருப்பேன்.

இப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கிற வேலை செய்கிறேன். போன கோடையில் ஒரு நாள் அந்த மயெஸ்த்ராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உடம்பு வற்றிவிட்டது, குரல் மட்டும் அதேதான். என்னை அவளுக்குத் தெரியவில்லை. பல் இல்லாததால் எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டும். இல்லத்து உருளைக்கிழங்கு மசியலில் மணமில்லை என்று நாளாந்தம் முணுமுணுப்பாள். நான் பொறுத்திருந்தேன். பிறகு தாதியிடம் கேட்டுக்கொண்டு, தெனெருமி வாங்கி, மிளகாய் மட்டும் போடாமல் அம்மாவின் பக்குவத்தில் கடைந்து, நீல மூடிப் பெட்டியில் கொண்டுபோனேன்.

ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டு, கரண்டியையும் நக்கினாள்.

"இவ்வளவு நாளும் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தனீ? இன்னும் கொஞ்சம் போடு."

பெட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அவள் கண்ணும் அதிலேயே இருந்தது. நான் குப்பைத் தொட்டியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, பெட்டியைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினேன். கீரையை நினைத்தால் பாவம்தான். அவளை நினைத்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

"ஏன் கொட்டினனீ? நல்லாத்தானே இருந்தது" என்றாள்.

"இது கங்காருத் தீனி, மயெஸ்த்ரா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் பார்வை என் கையிலிருந்த நீல மூடிக்கு இறங்கி, அங்கேயே நின்றது. 

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழுவித் துடைத்தேன். அலுமாரியில் வைக்குமுன் அதை அம்மாவின் படத்துக்குக் காட்டினேன்.

"சாப்பிட்டவ, அம்மா. இன்னும் வேணுமெண்டு கேட்டவ."