லீவு போடாத அப்பா

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தோம். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அறையில் எனக்கு வைத்த பெயரே 'கொஸ்டின் பேப்பர்'தான்.

லைனில் எனக்கு எதிரே நின்று வேலை பார்த்தவர் உள்ளூர்க்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் போலவே அவரும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அதிகம் பேச மாட்டார். பேசினால் இரண்டாவது படிக்கும் மகளைப் பற்றித்தான் பேசுவார். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றார்கள், அப்புறம் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அண்ணனின் மனைவி குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தார். இளைய மகனை அண்ணனின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். இந்த மனுஷன் ஏன் இங்கே வந்து ஒயர் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், சில மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் வீடு ஓடுகிற அளவுக்கு நாம் பணம் திரட்டிக் கொடுத்தால் லீவு போட்டுவிட்டு மகளோடு இருப்பாரே என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. சம்பள நாளன்று கேன்டீன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்துக்கொண்டு நானும் இன்னொரு அக்காவும் நின்றோம். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று தெரியாதபடி எல்லோரும் கையை மூடிக்கொண்டு வந்து போட்டார்கள். ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள்கூட விடவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். "நிம்மதியா லீவு போட்டு பாப்பா கூட இருங்க" என்று சொன்னோம். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆளாளுக்குத் தோளைத் தட்டி ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனால், என் எதிரே அவர் நிற்கிறார்.

ஒருநாள் என்றால் பரவாயில்லை. அந்த வாரம் முழுக்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். போதாக்குறைக்கு ஷிஃப்ட் முடிந்தும் கூடுதல் நேரம் நின்று ஓ.டி.யும் பார்த்தார். மெல்ல முணுமுணுப்பு கிளம்பியது. என்னோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே அக்கா, ஸ்ரீபெரும்புதூர்க்காரர், சாப்பாட்டு நேரத்தில் வெடித்தார். "இன்னாமே இது? லீவு போட சொல்லி காசு குடுத்தா, அத்த வாங்கி வெச்சிக்கினு ஓ.டி. பாத்துக்கினு கீறாரு. புள்ளய வுட பணம் பெருசா பூடுச்சா?"

எனக்குக் கோபம் வரவில்லை. குடைச்சல்தான் வந்தது. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன் இப்படிச் செய்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே. அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அவர் ஏறவில்லை. சென்னைப் பக்கம், பூந்தமல்லி போகிற பஸ்ஸில் ஏறினார். காலையில் அதே பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். சட்டைகூட முந்தின நாள் போட்டிருந்த சட்டை. அப்படியென்றால் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் பஸ் நிற்குமிடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவரிடம் போய்க் கேட்டேவிட்டேன். "அண்ணே, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே? லீவு போடத்தானே பணம் குடுத்தோம். ஏன் போடல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

"லீவு போட்டா சம்பளம் வராது. சம்பளம் வரலன்னா பிடித்தம் போவாது. பிடித்தம் போவலன்னா நம்ம இன்சூரன்ஸ் கார்டு நின்னு பூடும்மா. அந்த கார்டு இருக்கங்காட்டிதான் கொயந்தைக்கு மருந்து, ஊசி எல்லாம் போட்டுக்கினு கீறாங்க. நான் இங்க வந்து நின்னாதான் அது அங்க பொயைக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பிடித்தம் என் சம்பளத்திலும் மாதாமாதம் போகிறது. அதே கார்டு என் பையிலும் இருக்கிறது. எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. காய்ச்சல், தலைவலிக்குக்கூட நாங்கள் அதை எடுத்துக்கொண்டு போனதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. நாங்கள் சொன்னபடி அவர் மாதக்கணக்கில் லீவு போட்டிருந்தால், எங்கள் நல்ல மனசே அந்தக் குழந்தையின் மருந்தை நிறுத்தியிருக்கும்.

"அந்தப் பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"அது வூட்ல அப்டியே கீது. லீவு போடத்தானே குடுத்தீங்க. நான்தான் போடலியே, அப்புறம் அத்த எப்டிம்மா தொடறது? சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஓ.டி. காசு வருது. கொயந்த வூடு திரும்பினதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்து அவரை என்னவெல்லாம் பேசினோம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே, இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றேன். பணம் என்று சொல்வார், அல்லது ரத்தம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "எங்க வூட்டுக்காரி படுத்து தூங்கி மாசமாச்சு. பொம்பளைங்க வார்டு. நைட்ல என்னை உள்ள வுட மாட்டாங்க, வெளியதான் படுத்துக்கினு கீறேன். பகல்ல நான் இங்க கீறேன். ஒரு நா யாராவது பொம்பளைங்க பாப்பா பக்கத்துல உக்காந்தா, அவ கொஞ்சம் கண்ண மூடுவா" என்றார்.

எங்களிடம் பணம் இருந்ததோ இல்லையோ, ஷிஃப்ட் இருந்தது. மூன்று ஷிஃப்டிலும் பெண்கள் வேலை பார்த்தார்கள், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் வேறு வேறு நாள் விடுமுறை. எப்போதும் யாரோ ஒருத்தி சும்மாதான் இருப்பாள். அன்றைக்கே அவர் சொன்னதையெல்லாம் எழுதி எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். முதல் ஆளாகப் பதில் போட்டது சாப்பாட்டு நேரத்தில் வெடித்த அந்த அக்காதான். எந்த பஸ் என்று மட்டும் கேட்டிருந்தார். மறுநாள் அண்ணனிடம் நேராகப் போய், "அந்த பணத்த எடுத்து செலவு பண்ணுண்ணா. லீவுக்கு குடுத்தது இல்ல, உனக்கு குடுத்தது. கணக்கு சொல்ல வந்தா பேச மாட்டேன்" என்று அதட்டிவிட்டு வந்தார்.

என் விடுமுறை நாளில் நான் போனேன். கை கழுவச் சொல்லி, மாஸ்க் போட்டு உள்ளே விட்டார்கள். முடியெல்லாம் கொட்டிப்போய் ஒரு சின்ன உருவம் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அதன் அம்மா தண்ணீர் எப்போது, மாத்திரை எப்போது, வாந்தி வந்தால் யாரைக் கூப்பிடணும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, மனசே இல்லாமல் வராண்டாவுக்குப் போனார்.

அந்தக் குழந்தை கேள்வியில் என்னையே மிஞ்சியது. "நீங்க எந்த ஷிஃப்ட் அத்தை? எங்கப்பா கட்டுற ஒயர் கார்ல எங்க இருக்கும்? ஆம்புலன்ஸுக்கும் நீங்கதான் கட்டுவீங்களா?" என்று அடுக்கியது. முகப்பு விளக்கு, ஹாரன், வைப்பர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஆம்புலன்ஸ் விஷயம் எனக்கே தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மத்தியானச் சாப்பாடு வந்தபோது அம்மாவை எழுப்பலாமா என்று எட்டிப் பார்த்தேன். வராண்டாத் தரையில், போனைக் கையில் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க அப்படியொரு தூக்கம். ஆட்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், அசையவில்லை. எழுப்பாமல் திரும்பி வந்து நானே குழந்தைக்கு ஊட்டிவிட்டேன். சாயங்காலம் எழுந்து ஓடிவந்தவர், மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சிகிச்சை முடியும்வரை எங்கள் பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கார்டும் நிற்கவில்லை. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, செக்கப்புக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறது. இன்றும் யாருக்காவது கஷ்டம் என்றால் எங்கள் லைனில் பெட்டி வைக்கத்தான் செய்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் அவர்களிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அன்றே அதைக் கேட்டிருந்தால், அந்த அம்மா இன்னும் எத்தனையோ நாள் முன்னாடியே தூங்கியிருப்பார் என்ற நினைப்பு என்னை விடுவதே இல்லை.